விஷம் படாத செல்கள் ஏன் செத்தன?

நான்கு வருடங்களுக்கு முந்தைய மழைக்காலம். தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறி, காட்டாங்குளத்தூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வயலில் தெளிக்கும் களைக்கொல்லி விலங்குகளின் செல்களை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சின்னத் தட்டுகளில் செல்களை வளர்த்து, சிலவற்றில் மட்டும் களைக்கொல்லியைக் கலப்பேன். கலக்காத தட்டு நன்றாக வளர்ந்தால்தானே மற்றவற்றோடு ஒப்பிட முடியும்? என் கெட்ட நேரம், அதுவும் செத்துக்கொண்டே இருந்தது!

மூன்று முறை இப்படி. "இன்னும் ஒரே ஒரு தடவை பாரும்மா. இல்லேன்னா டாப்பிக்கையே மாத்திடலாம்" என்றார் பேராசிரியர். ஒன்றரை வருட உழைப்பு! பாத்ரூமில் போய் அழுதேன்.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. பம்மலிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் பெண், என் வயதுதான், தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "நீ ஊத்துற மருந்து வாடையாலதான் எல்லாம் சாகுது" என்று கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன்.

அவள் அசரவே இல்லை. "இன்னா மேடம், சும்மா எம்மேல பழி போடுறீங்க? என் பக்கெட்ட மோந்து பாருங்க, எலுமிச்ச வாசனதான். உங்க பொட்டிய தொறந்தாதான் பிளீச்சிங் நெடி மூக்கத் தொளைக்குது. அந்த மாஸ்க்க கயட்டிட்டுப் பாருங்க."

வீம்புக்குத்தான் கழற்றினேன். செல்கள் வளரும் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது நெடி. உள்ளே ஈரம் காயாமல் இருக்க, அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு வைத்திருப்போம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடுமே என்று பயந்து, வாராவாரம் அந்தத் தண்ணீரில் தாராளமாக பிளீச்சிங் ஊற்றியது சாட்சாத் நானேதான்! மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

வெட்கத்தில் குறுகிப் போனேன். அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்டியைச் சுத்தமாகக் கழுவி, வெறும் தண்ணீர் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐந்தாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அடடா! களைக்கொல்லி படாத தட்டில் இடமே இல்லாமல் செல்கள். மற்ற தட்டுகளில் களைக்கொல்லி கூடக் கூட அவை குறைந்துகொண்டே போயிருந்தன. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகமே ஓடி வந்தது. நேராகப் போய் அவளை இழுத்து வந்து, களைக்கொல்லி படாத தட்டைப் பார்க்கச் சொன்னேன்.

"தோ பார்றா! அல்லாம் உசுரோடவா கீது?"

"எல்லாமே!" என்றேன்.

"அப்போ நானும் டாக்டருதான்" என்று சிரித்தாள்.

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் பெயருக்கு அடுத்து அவள் பெயர்தான் இருக்கிறது. இன்றும் எது கெட்டுப்போனாலும், அடுத்தவர் பக்கெட்டை விட்டுவிட்டு முதலில் என் கையைத்தான் முகர்ந்து பார்க்கிறேன்.