நாயின் சொந்தக்காரர்

இலங்கையின் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சின்னதுரை என்று எல்லாரும் அழைக்கும் உதவி மேனேஜரின் பங்களாவுக்கு இருபது வருஷமாகக் காவல்காரர் வீரமலை. குடியுரிமைக்காக, தன் பாட்டன் இந்த மண்ணில் பிறந்ததற்கு ஒரு காகிதம் தேடி அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். புதிதாக வந்த சின்னதுரை கொண்டுவந்த வேட்டை நாய்க்குட்டிக்கோ மூன்று தலைமுறைப் பெயர்கள், முத்திரை குத்திய தாளில்.

"நாய ஒன் பேர்லயே பதிஞ்சிருவோம் வீரமலை. நீதான பாத்துக்கப் போற" என்றார் சின்னதுரை.

வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. 'சொந்தக்காரர்' என்ற இடத்தில் தன் பெயர் அச்சாகி வந்த தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். லயத்து வீட்டுச் சனமே வந்து பார்த்தது.

"துரைமாரு சும்மா எதையும் குடுக்க மாட்டாங்க" என்று மனைவி இராசாயி முனகினாள். அவள்மேல் எரிந்து விழுந்தார்.

நேற்று சின்னதுரை துப்பாக்கியோடு நாயைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். திரும்பியபோது அதன் வாயில் மரைமானின் ரத்தம் காய்ந்திருந்தது. வீரமலைதான் கழுவிவிட்டார். கழுத்துப்பட்டி காணாமல் போயிருந்தது.

இன்று காலை வனஜீவி அதிகாரிகளின் ஜீப் பங்களா வாசலில் வந்து நின்றது. அதிகாரி கையில் அந்தக் கழுத்துப்பட்டி.

"மரையக் கொன்னவங்க விட்டுட்டுப் போனது. நாய் யாரோடது?"

சின்னதுரை தேநீர்க் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தார்.

"வீரமலை, ஒன் வீட்டுல மாட்டியிருக்கியே, அந்தத் தாள எடுத்துட்டு வா."