நர்ஸம்மா கேட்ட கேள்வி

காலில் இரும்பு விழுந்த காயம் இரண்டு மாதமாகியும் வெல்டருக்கு ஆறவில்லை. மனைவி இறந்தபின் அவர் தனிக்கட்டை. முட்டையும் பருப்பும் தின்றால் சீழ் வைக்கும் என்று யாரோ சொல்ல, வெறும் கஞ்சியோடு காலம் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்தியம்னு பட்டினி கிடந்தா சதை எப்படிங்க வளரும்? தினமும் முட்டை, பருப்பு, ஒரு கொய்யாப்பழம். என்ன சாப்பிட்டீங்கன்னு வரும்போதெல்லாம் கேப்பேன்."

கேட்டாள். அவரும் பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். காயம் மெல்ல மெல்ல மூடியது. "இனிமே நீங்க வர வேண்டாம்" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தாள்.

மறுநாளும் முட்டை வேகவைத்தார். தின்று முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "முட்டை, பருப்பு, கொய்யா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

என்ன சாப்பிட்டீங்கன்னு யாரும் கேட்கவில்லை.