மாமாவின் மாத்திரை டப்பா

மாமாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாலே புளித்த மருந்து நாற்றம் அடிக்கும். உள்ளே துண்டு துண்டாகக் கத்தரித்த மாத்திரைப் பட்டைகள். ஒன்றில் பெயர் பாதி இருக்கும், இன்னொன்றில் தேதியே இருக்காது. என் மாமா, அம்மாவின் தம்பி, தி. நகரில் ரவிக்கை தைப்பவர். துணி வெட்டும் கத்தரியால்தான் பட்டையையும் நறுக்குவார். டாக்டர் எழுதித் தந்ததில் பாதியை விழுங்குவார், காய்ச்சல் விட்டதும் மிச்சம் டப்பாவுக்குப் போய்விடும். அப்புறம் சந்தில் யாருக்குத் தொண்டை கட்டினாலும், வயிறு போனாலும் அதிலிருந்துதான் வைத்தியம். “ஜொரம் வுட்டுச்சுல்ல, அப்புறம் இன்னாத்துக்கு முழுங்கணும்? வெச்சிக்கினா யாருக்காவது ஆவும்” என்பார். கைராசிக்காரர் என்று சந்தே அவரைக் கொண்டாடியது. நான் மட்டும் அந்த டப்பாவைத் தொடமாட்டேன்.

சர்க்கரை நோய் உள்ள அவர் காலில் தையல் ஊசி ஏறிச் சீழ் பிடித்தது. அதற்கும் டப்பா மாத்திரைகளையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் வேலை பார்க்கும் அடையாறு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால் தங்குமா என்பதே கேள்வி. கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது என் வேலை. அவருடைய சீழில் இருந்த கிருமியைத் தட்டில் பூசி, மேலே மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெற்று வட்டம் விழும். மறுநாள் மூடியைத் திறந்தபோது, சளி படர்ந்தாற்போல் கிருமி வில்லைகளின் விளிம்புவரை மொய்த்திருந்தது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் மெல்லிய வட்டம். இந்தக் கிருமிக்கு வெளியே ஒரு சவ்வு உண்டு. மருந்து நுழையும் துளைகளை அது குறைத்துக்கொள்ளும். தப்பித்தவறி நுழைந்த மருந்தை உள்ளிருக்கும் நொதி நறுக்கிப் போட்டுவிடும். அரைகுறை மருந்தில் சாதுவான கிருமிகள் சாக, இவை பிழைத்துப் பெருகும். மாமா இத்தனை வருஷமாக இதைத்தான் வளர்த்திருக்கிறார் என்று தோன்றியது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வட்டம் விழுந்த அந்த ஒரு மருந்தைத் தந்துதான் உயிரைக் காப்பாற்றி, மிச்ச மாத்திரைகளை முழுக்க முடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்மேல் இரக்கம் வந்தது. அதைவிட அருவருப்புத்தான் அதிகம், மறைப்பானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். குழந்தைக்குச் சளியாம். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே தலையணைக்குப் பின்னாலிருந்து அதே டப்பாவை எடுத்தார். திறந்ததும் அதே நாற்றம். மேலாக இருந்தது அவர் உயிரைக் காத்த மருந்து, பாதிப் பட்டை. கத்தரியைத் தேடினார். நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

மாமாவுக்கு என் கோபம் விளங்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“கொயந்த அயுவுதும்மா, குடு.”