சித்தி இழுத்த பாட்டு

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, ஒரு புதுப் பாட்டு பாடப்போகிறோம் என்று சார் சொன்னபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவர் பாடிக் காட்டியதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

சார் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்தினார். அந்தப் பாட்டுக்கு இசை அமைத்தவர் வெளிநாட்டில் இப்போதும் உயிரோடு இருக்கிறார் என்றும், தமிழ் வரிகளைத் தானே போட்டதாகவும் சொன்னார். அதுவரை பாட்டு எழுதியவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

கீபோர்டு, தபேலா எதுவும் கிடையாது. வெறும் குரல்கள்தான். ஜி மைனர் சுர வரிசையில், நடக்கவே மனமில்லாதவர் நடப்பதைப் போல மெதுவாகப் போகும். கை தட்ட எங்கேயும் இடமில்லை. குழுவில் இருந்த ஒரு பெரியம்மா, நத்தாருக்கு எதற்கு இழவு வீட்டுப் பாட்டு என்று கேட்டே விட்டார். சார் கோபப்படவில்லை.

“மைனர் எண்டால் அழுகை இல்லை. இது காத்துக்கொண்டு இருக்கிறது. கடைசியில ஒரே ஒரு சுரத்தை அரைப்படி உயர்த்தினால் மேஜர் ஆகிடும், விடிஞ்ச மாதிரி இருக்கும்,” என்றார்.

அந்த ஒரு சுரத்தைச் சிறுமிகளான எங்களிடம் கொடுத்தார். அதற்கு முன்னால் பாட்டு முழுவதும் நாங்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகவேண்டும்.

எனக்குப் பின்வரிசையில் சித்தி நின்றாள். அம்மாவின் தங்கை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நான் நடக்கத் தொடங்கியபோது அம்மா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனதால், என்னை வளர்த்தது அவள்தான். அவள் குரல் கனமானது, கீழே போகப் போக நன்றாக இருக்கும். இந்தப் பாட்டில் அந்தத் தாழ்ந்த குரல்களுக்குத்தான் முக்கிய வேலை. ஒரே சுரத்தை வரி முழுக்கப் பிடித்திருந்து, வரியின் முடிவில் முதலில் அடுத்த சுரத்துக்கு நகரவேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் நகர்ந்த பிறகுதான் மற்றக் குரல்கள் நகரும். அவர்களுக்குள்ளும் எல்லோரும் சித்தியைத்தான் பார்த்தார்கள்.

அதனால் சார் தன் போனில் டிக் டிக் என்று அடிக்கிற ஒன்றைப் போட்டு, சித்தியின் பக்கத்திலேயே வைத்துப் பழக்கினார். இதைவிட வேகமாகப் போனால் பாட்டு கெட்டுவிடும், இதைவிட மெதுவாகப் போனால் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடும் என்பார். சித்தி ஒரு நாளும் பிசகியதில்லை. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் சோறு வடிக்கும்போதுகூட அதே கணக்கில் முனகிக்கொண்டிருப்பாள்.

அந்த மாதத்தில்தான் அம்மா கொழும்பில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்திலும் இடம் கிடைத்துவிட்டது. பாட்டு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து, நேரே தேவாலயத்துக்கு வருவதாகச் சொன்னாள். அன்றிரவு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, காலை ரயிலில் என்னைக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. எனக்குக் கடல் பார்க்கவேண்டும், தானாக ஓடும் படியில் ஏறவேண்டும் என்று ஆசை. பையை நானே இரண்டு முறை அடுக்கினேன். சித்தி அதைப் பிரித்து மூன்றாவது முறை அடுக்கினாள். பாதையில் குளிரும் என்று ஸ்வெட்டரை மேலே வைத்தாள்.

அன்று சாயந்தரம் தேவாலயம் நிறைந்திருந்தது. சாரின் கையைத் தவிர வேறெங்கும் பார்க்கக்கூடாது என்பது எங்களுக்குக் கட்டளை. நான் பார்க்கவில்லை.

முதல் வரி சரியாகப் போனது. இரண்டாவது வரியின் முடிவில் சாரின் கை நகர்ந்தது, சித்தி நகரவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் அடுத்த சுரத்துக்குப் போனாள். அடுத்த வரியில் இன்னும் தாமதம். சாரின் கை பெரிதாக வீசத் தொடங்கியது. விரலால் தொடையில் தட்டிக் காட்டினார். சித்தியின் குரல் என் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. மற்றவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு முனகி முனகி மூக்கு அடைத்துப்போனது. கடைசி வரி எப்போது முடியும் என்றே தெரியவில்லை. ஒருவழியாக அவள் விட்டாள். நாங்கள் அந்த அரைப்படியை உயர்த்தினோம். பாட்டு மேஜராகி முடிந்தது.

வெளியே வந்ததும் சார் அவளிடம், “நீங்களே இழுத்தால் மற்ற ஆக்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

“மூச்சு பத்தலங்க சார்,” என்றாள் சித்தி.

மூச்சு பற்றாதவளால் எப்படி அவ்வளவு நேரம் இழுக்க முடியும் என்று சாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாலு பேர் முன்னால் அவள் பேச்சு வாங்கியது எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். சித்தி பையைக் கொடுத்தாள், தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

பெரியவளான பிறகு இதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அம்மாவின் ரயில் தாமதமாகியிருக்கும், அம்மா என் பாட்டைக் கேட்கவேண்டும் என்று சித்தி இழுத்துப் பிடித்திருப்பாள். நல்ல கதை. கொழும்பில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் அம்மாவிடமும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ரயிலு அன்னைக்கு நேரத்துக்குத்தான் வந்துச்சு. நீங்க ஆரம்பிக்கிறப்பவே நான் கதவுகிட்ட நின்னேன். ஒஞ் சித்தி என்னையப் பாத்துட்டு தலையக்கூட ஆட்டுனா,” என்றாள்.

பிறகு அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

பாட்டு முடிந்தால் என்னை அனுப்பிவிடவேண்டும் என்று தெரிந்தவள் அதை முடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால், அவள் மூச்சுக் காற்று பிடரியில் படும் தூரத்தில், சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று நினைத்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.