பத்மினிக்கு வேறு வண்டியின் வீல்

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "அதான்." காபி வேண்டும் என்றாலும் அதான், இடுப்பு வலித்தாலும் அதான். என்னைக் கூப்பிடுவதற்கும் அதே அதான். வலது கையும் காலும் சொன்ன பேச்சைப் பாதிதான் கேட்டன. புத்தி மட்டும் முழுசாக இருந்தது, அதுதான் கொடுமை. நான் தப்பாகப் புரிந்துகொண்டு தண்ணீருக்குப் பதில் தலையணையை எடுத்து வந்தால் முறைப்பார் பாருங்கள், அப்பப்பா! நல்ல உடம்போடு இருந்த காலத்தில்கூட அப்படி முறைத்ததில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு அடையாறில் ஓர் அம்மாளிடம் போய்வந்தோம். முதல் ஒரு வருஷத்தில் திரும்பி வருகிற பேச்சுதான் பேச்சு, நடுவில் விட்டுவிட்டால் பிறகு ரொம்பக் கஷ்டம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மயிலாப்பூரிலிருந்து அடையாறு என்ன காசியா, ராமேஸ்வரமா? ஆனால் இந்த மனிதரை வண்டியில் ஏற்ற வேண்டுமே. முதல் முறை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். அன்றிலிருந்து ஆட்டோ, டாக்சி எது வந்தாலும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். இழுத்தாலும் வரமாட்டார். எங்கள் பழைய பத்மினி காரில் மட்டும்தான் ஏறுவார். அதன் முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். ஆக, கார் ஓடினால்தான் அவருக்குப் பேச்சு. ஓட்டுவதற்கு நான் ஒருத்தி இருந்தேன், அறுபது வயதைத் தாண்டிய முழங்கால்களோடு.

அந்த நேரம் பார்த்தா டயர் போக வேண்டும்! ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம். மற்ற மூன்றும் வெடிப்பு வெடிப்பாகக் கிடந்தன. தி.நகரில் ஏறி இறங்காத டயர் கடை இல்லை. ஒரு கடைக்காரர் சைஸைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் இப்ப வர்றதே இல்லம்மா, மியூசியத்துல கேட்டுப் பாருங்க" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடையையே கொளுத்தியிருப்பேன். வெயிலில் நடந்து வந்து பஸ் பிடித்தேன்.

மந்தைவெளியில் எங்கள் காரைப் பார்க்கிற மெக்கானிக்தான் வழி சொன்னார். "டயர் கெடைக்காதும்மா. வேற வண்டி வீலு மாட்டிக்கலாம். கொஞ்சம் சின்ன வீலு, அதுக்கு டயர் எங்க வேணாலும் கெடைக்கும்."

என் கணவரோ அந்தக் கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். ஹாரனைக்கூட மாற்ற விட்டதில்லை. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "அதான்" என்றார். சரி என்கிறாரா, கூடாது என்கிறாரா? யாருக்குத் தெரியும்? இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதான். நான் ஓய்ந்துபோனேன். சரி என்றுதான் சொன்னார் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுந்து போய் உலை வைத்தேன்.

மெக்கானிக், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டைக்குப் போய், புது மாதிரி சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய நாலு வீல்களை வாங்கி வந்தார். "நாலு ஓட்டை, நாலு போல்ட்டு. கரெக்டா கீதும்மா" என்றார். ஒவ்வொரு வீலிலும் கடைசி போல்ட் மட்டும் முரண்டு பிடித்தது. ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். "டைட்டா கீது. நல்லதுதான்." எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன். வீட்டு வாசலில் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். என் கணவர் கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து அந்த வீல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு 'அதான்'கூட வரவில்லை.

அதிலிருந்து ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது.

நடுங்காத வண்டி ஊரில் எது? மெட்ரோவுக்காக லஸ்ஸில் தோண்டியிருந்தார்கள், மந்தைவெளியில் தோண்டியிருந்தார்கள், அடையாறிலும் தோண்டியிருந்தார்கள். நேற்று இருந்த வழி இன்று தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விடும். எங்கள் தெருவில் யாருக்கு முதுகு வலித்தாலும் மெட்ரோவைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டினேன். மெக்கானிக்கிடம் போனில் கேட்டதற்கு, "ரோடு அப்டி கீதும்மா, வண்டி இன்னா பண்ணும்?" என்றார். நியாயம்தானே என்று தோன்றியது. காரில் ஏறினால் என் கணவர் மட்டும் இடது கையால் கதவைத் தட்டிக்கொண்டே வருவார். அதான், அதான், அதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "ரோடு சரியில்லதான், எனக்கும் தெரியுது! நானா போய்த் தோண்டினேன்?" அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை மட்டும் தட்டுவதை நிறுத்தவில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. கிரீன்வேஸ் சாலைப் பள்ளங்களையெல்லாம் தாண்டி அடையாறு பாலத்தில் ஏறினோம். பாலத்தின் மேல் பள்ளமும் இல்லை, தடுப்பும் இல்லை, தரை வழவழவென்று இருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்றுகூட வந்தது. அப்போதும் ஸ்டியரிங் கையை உதறியது. சரி, பழக்கமாகிவிட்டது என்று நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் டேஷ்போர்டில் ஓங்கி அறைந்தார். "அதான்!"

"எது அதான்? எது? வாயத் திறந்து சொல்லுங்களேன்!" என்று நானும் கத்தினேன். சொல்ல முடியாத மனிதரிடம் என்ன பேச்சு அது! என் அலுப்பு அப்படி.

அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. "போல்ட்டு" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

"போல்ட்டு! வீல் ஆடுது. நிறுத்து!"

பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் உரசாமல் ஒடித்துத் திருப்பி, பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "யம்மா, வூட்ல சொல்ட்டு வந்தியா?"

"வீட்டுக்காரரே பக்கத்துலதான் இருக்காரு, போய்யா!" என்றேன். குரல் உடைந்து பாதி அழுகையாக வந்தது. ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ, இறங்கி வந்து முன்வீலைப் பார்த்தார். ஒரு போல்ட்டைக் காணவே காணோம். இன்னொன்றை அவர் விரலாலேயே சுழற்றி எடுத்து என் கையில் வைத்தார். "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா வீலு தனியா போயிருக்கும்மா" என்றார். கீழே ஆறு. நான் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் அழுதேன் என்று ஆட்டோக்காரர் நினைத்திருப்பார். அவர் பேசிவிட்டார், என் மனுஷன் பேசிவிட்டார் என்று எப்படி அவருக்கு விளக்குவது?

மெக்கானிக் வந்து வீலைக் கழற்றிப் பார்த்து முகம் வெளிறிப் போனார். "ஓட்டைக்கு ஓட்டை தூரம் ரெண்டு மில்லி வித்தியாசம் கீதும்மா. போல்ட்டு கோணலா ஏறிக்கீது. வீலு ஒக்காரவே இல்ல. நான் பாக்காம உட்டேன்." வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலோரம் போய், "மன்னிச்சிக்கோ சார்" என்றார். என் கணவர் அவரைப் பார்க்கவே இல்லை. எனக்கே அந்த ஆள் மேல் பாவமாகிவிட்டது.

அந்த வாரமே மெக்கானிக், பத்மினி கம்பெனியே பின்னாளில் விட்ட வேறொரு காரின் வீல்களைத் தேடிப் பிடித்து வந்தார். இந்த முறை எனக்கு முன்னாலேயே அளந்து காட்டினார். ஒவ்வொரு போல்ட்டையும் வெறும் விரலால் கடைசி வரை ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனரையே தொட்டார்.

அடையாறு அம்மாளிடம் ஓடோடிப் போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் நான் பட்ட அளவுக்கு இல்லை. தட்டு, கடிகாரம், குடை என்று படங்களைக் காட்டினார். அதான், அதான், அதான். "பயத்துலயும் கோபத்துலயும் வர்ற வார்த்தை அதுவா வர்றதும்மா. கூப்பிட்டா உடனே வராது. ஆனா உள்ளே இருக்குன்னு தெரிஞ்சுதே, அது பெரிசு" என்றார். பெரிசுதான். எனக்குப் போதவில்லை.

புது வீல் போட்ட கார் குலுங்காமல் ஓடியது. என் கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சமாதானமாக வந்தார். தட்டுவதும் இல்லை, முறைப்பதும் இல்லை. போகும்போதும் வரும்போதும் அதே நிசப்தம். மூன்றாவது வாரம் அந்தப் பாழாய்ப்போன பழைய வீல்களையே திரும்ப மாட்டச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை, பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. நான் டாப் கியரிலேயே போனேன், வேண்டுமென்றே. மெதுவாகப் போகிற வண்டியை டாப்பில் ஓட்டுவதைப் போல அவருக்கு ஆகாத காரியம் வேறொன்று கிடையாது. இன்ஜின் திணறி உடம்பெல்லாம் உதறியது. அவர் மடியிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"செகண்டு" என்றார்.

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கியரைத் தொடாமல், இன்னும் என்ன சொல்லித் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.