என்னைவிட நன்றாக மலையாளம் எழுதிய ‘நான்’

போன வாரம் ஒரு காலை. சாயா டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சரசு போனை நீட்டினாள்.

“ஏங்க, நீங்க எப்போ மலையாளம் எழுதப் படிச்சீங்க?”

பார்த்தேன். ஃபேஸ்புக்கில் என் பெயர், என் போட்டோ, சாயம் பூசிய என் மீசை. கீழே சரம் சரமாக மலையாளம். கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. மலையாளத்தில் பேசுவேன், பேரம் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். எழுதப் படிக்க மட்டும் வராது. சரசு இங்கேயே பிறந்து படித்தவள்.

ஆக, ‘நான்’ எழுதியதை எனக்கே வாசித்துக்காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது!

“ஜூ டவுன் கடைத்தெருவுல ரம்லத் இத்தா கடை மிளகுல பப்பாளி விதை கலக்கறாங்க... பக்கத்து வீட்டுக்காரன் நான், கண்ணால கண்டேன்னு எழுதியிருக்கு” என்றாள். கூடவே ஒரு விமர்சனம்: “நல்லாத்தான் எழுதியிருக்கான். உங்களை மாதிரி இழுக்கலை.”

ரம்லத் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஊருக்கே அக்கா என்பதால் எல்லாருக்கும் அவர் ‘இத்தா’. கணவர் போன பிறகு அந்த மசாலாக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறார். பெருநாள் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் போகும். அந்தக் கடையின் பேரை, என் பேரை வைத்தே ஒருவன் கெடுக்கிறான்!

பொங்கி எழுந்தேன். பொங்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பதிவை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ‘இது நான் இல்லை, யாரும் நம்பாதீர்கள்’ என்று, இருக்கிற வாட்ஸப் குரூப் அத்தனையிலும் போட்டேன். குடியிருப்போர் குரூப், பஜனை குரூப், பழைய ஆபீஸ் குரூப்...

மத்தியானம் சுள்ளிக்கல்லிலிருந்து மச்சான் கூப்பிட்டான். “அத்தான், மிளகுல பப்பாளி விதையாமே... நெஜமா?”

அவனுக்கு ஃபேஸ்புக்கே கிடையாது. விஷயம் என் மூலமாகத்தான் போயிருக்கிறது! அதற்குள், வழக்கமாக மிளகு வாங்கும் ஹோட்டல்காரர் ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று இத்தாவிடம் சொல்லிவிட்டார்.

கடைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது? “இத்தா, சத்தியமா அது நான்...”

“போ மனுஷா” என்றார். “போர்டு வாசிக்கத் தெரியாம, வைட்டிலா பஸ் எதுன்னு இப்பவும் என்கிட்ட கேட்டு நிக்கற ஆளு. நீங்க இத்தனை மலையாளம் எழுதியோ? வா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாம்.”

நான் வெட்கப்பட்டு மறைத்துவந்த ஒன்று என்னைக் காப்பாற்றிவிட்டது.

சைபர் பிரிவில் ஒரு பெண் அதிகாரி. பொறுமையாக விளக்கினார். என் பெயரையும் போட்டோவையும் திருடி ஆள் மாறாட்டம் செய்தது ஐ.டி. சட்டப்படி குற்றம், அந்தப் புகார் நான் தர வேண்டும். போலிப் பக்கத்தைத் தூக்கச் சொல்லி ஃபேஸ்புக்கிலும் புகார் செய்ய வேண்டும். ஆள் மாறாட்டம் என்றால் அவர்கள் சீக்கிரமே எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு முன்னால் பதிவின் லிங்க்கையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். அவதூறு வழக்கு தனி. அதற்குப் பேர் கெட்டவரே, அதாவது இத்தாவே, கோர்ட்டுக்குப் போக வேண்டும். நஷ்ட ஈடும் கேட்கலாம்.

“ஸ்க்ரீன்ஷாட் இருக்கு மேடம்” என்றேன், பெருமையாக. “எல்லா குரூப்லயும் போட்டிருக்கேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாரே, அவன் ஒரு மூலையில போட்டான். நீங்க வீடு வீடா கொண்டுபோய்க் கொடுத்திருக்கீங்க. இத்தா நினைச்சா உங்க மேலயும் கேஸ் கொடுக்கலாம், அறியாமோ?”

இத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கேஸ் வேண்டா மேடம்” என்றார். “இவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கடை வாசல்ல உக்காரட்டும். வர்றவங்ககிட்ட, அது நான் இல்லைன்னு வாயால சொல்லட்டும். போன்ல வேண்டா!”

புகாரை எழுதக் காகிதம் வந்தது. நான் விழித்தேன். இத்தா பேனாவை வாங்கி, என் புகாரைக் கடகடவென்று மலையாளத்தில் எழுதினார். ஒருவன் என் பேரில் அவரைத் திட்டி எழுதினான். அவரோ, அதே என் பேரில், என்னைக் காப்பாற்ற எழுதிக்கொண்டிருந்தார். தமிழில் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கண் கொஞ்சம் மங்கியது... இத்தா கையில் மிளகு நெடி என்று சமாளித்தேன்.

போலிப் பக்கம் போய்விட்டது. ஆளைத் தேடுகிறார்கள், கிடைத்ததும் கோர்ட்டுக்குப் போவதாக இத்தா சபதம். ஞாயிற்றுக்கிழமை என் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தபோது ஹோட்டல்காரரே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பிடி மிளகை முகர்ந்தார். மூட்டையை ஏற்றச் சொன்னார்.

“இனிமேலாவது உங்களுக்கு மலையாளம் சொல்லித் தரேன்” என்றாள், சாப்பாடு கொண்டுவந்த சரசு.

இத்தா பதறிவிட்டார்.

“வேண்டா சரசூ! அடுத்த தடவை நான் எதை வெச்சு இவரை நம்பறது?”