அக்கா ஏற்றுக்கொண்ட பழி

எங்கள் அன்பு அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அக்கா பிறந்தது திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில். வாழ்க்கைப்பட்டது ராயபுரம் கல்மண்டபத்தில். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மாமா முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகு, கோழி வளர்த்துத்தான் வீட்டை ஓட்டினார்கள். தாய் தகப்பன் இல்லாத தங்கை என்னையும் வளர்த்தார்கள்.

ஐம்பதுகளில் ஒரு கோடையில் தெருவில் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தது. கோழிகள் கழுத்து முறுக்கிச் செத்தன. தப்பியவை அக்காவின் இரண்டு அடைக்கோழிகள்தான். பெண்கள் தங்களிடம் மிஞ்சிய முட்டைகளை அவற்றின் கீழ் வைத்தார்கள். குஞ்சு பொரித்த அன்றே அக்கா கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய், புதிதாக வந்திருந்த சொட்டு மருந்தை பிளாஸ்கில் ஐஸ் போட்டு வாங்கி வந்தார்கள். குஞ்சின் மூக்கில் ஒரு சொட்டு விட்டால் நோய் அண்டாதாம்.

"மருந்த கரைச்சி வச்சிட்டேன். ஐஸை வுட்டு எடுக்காதே. ஒரு மணி நேரத்துல வுட்டு முடிக்கணுமாம். முட்டை குடுத்தவங்கள இட்டுக்கினு வரேன்" என்று சொல்லிப் போனார்கள்.

எங்கள் வீட்டில் காய்ச்சல் மருந்தைக்கூட மாதா படத்தின் முன் வைத்து ஜெபித்துவிட்டுத்தான் குடிப்போம். இத்தனை உயிருக்கான மருந்தை அப்படியே கொடுக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. குப்பியை எடுத்து இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைத்து, கண்ணை மூடி ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொன்னேன்.

பெண்களோடு வந்த அக்கா குப்பியைத் தொட்டதும் முகம் வெளுத்தார்கள்.

"இன்னாடி, சுடுது!" என்றார்கள் என் காதோடு.

"இன்னா டாக்டரம்மா, ரகசியம்?" என்று சிரித்தார் எதிர்வீட்டு ஞானம்மா. அவர் தம்பிக்கு என்னைக் கேட்டிருந்த நேரம் அது.

அக்கா என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "மருந்து கெட்டுப்போச்சி. ஐஸ்ல வைக்க நான்தான் மறந்துட்டேன்" என்றார்கள்.

"மறந்துட்டியா? எங்க குஞ்சுன்னா உனக்கு அவ்ளோ இளக்காரமா? உன்னாண்ட நம்பி குடுத்தோம் பாரு, எங்கள சொல்லணும்!" என்று கொதித்தார் ஞானம்மா.

அக்கா வெயிலில் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மருந்து தீர்ந்திருந்தது. அடுத்தது வர நான்கு நாள். அதுவரை வாசலில் சுண்ணாம்பு கொட்டி, கூடையருகே யாரையும் விடவில்லை. ஒவ்வொரு குஞ்சாகத் தூக்கிப் பின்பக்கம் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஒன்று பச்சையாகக் கழிந்தது; அதுவும் அந்த நோயின் அடையாளம்தான். மருந்து வருவதற்குள் பாதிக் கூடை காலி. மிஞ்சியவற்றுக்கு அக்கா சொட்டு விட்டார்கள். கர்த்தர் கிருபையால் அவை பிழைத்தன. எல்லாவற்றையும் அந்தப் பெண்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள்.

நான் ஞானம்மா வீட்டுக்கே வாழப்போனேன். என் நாத்தனாரான பிறகும் அவர் அக்காவை "மறதிக்காரி" என்றுதான் சொல்வார். அக்கா சிரித்துக்கொள்வார்கள்.

கடைசி நாட்களில், "சொல்லிடட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"போடி பைத்தியம். இப்போ இன்னாத்துக்கு அந்த பேஜாரு?" என்றார்கள்.

அந்த நாட்களில் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியவர்கள் ஞானம்மா அண்ணியின் மகள்கள். அவர்களுக்கும், உயிர் பிரியும் நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அண்ணி, அந்த மருந்தை ஐஸிலிருந்து எடுத்தது நான். அக்கா மறக்கவில்லை.